சுலைமானியே பள்ளிவாசல்: இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு வரக்கூடாத இடம்

இஸ்தான்புல் போகிறவர்கள் பெரும்பாலும் ஹாகியா சோபியாவையும் நீல மசூதியையும் முதலில் எழுதி வைத்துக்கொள்வார்கள், சுலைமானியே 'நேரம் இருந்தால்' என்று கடைசியில் வரும். எனக்கு அது தவறான வரிசை என்று தோன்றுகிறது. ஒரே ஒரு பள்ளிவாசலுக்குத்தான் நேரம் என்றால் சுலைமானியேவுக்குப் போங்கள், போனால் குறைந்தது ஒரு மணி நேரம் உள்ளே உட்காருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன நவம்பரில் நானும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, இரண்டு முழங்காலும் தகராறு. திருவல்லிக்கேணியிலிருந்து கிளம்பி தோஹா வழியாகப் போய் இறங்கி, சென்னையில் பதிவு செய்த ஒரு டூர் குழுவோடு சேர்ந்துகொண்டோம். பெயர் வேண்டாம். அவர்கள் சுலைமானியேவுக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். அதில் செருப்பைக் கழற்றி, தலைக்குத் துணி கட்டி, எல்லோரும் உள்ளே வந்து சேரவே பத்து நிமிடம் போய்விட்டது. "மேலே பாருங்க, நாலு தூண் பாருங்க, போட்டோ எடுத்துக்கோங்க, கிளம்பலாம்" என்றார் வழிகாட்டி. அங்கிருந்து நேராக ஒரு தோல் சட்டைக் கடை, அங்கே மட்டும் ஒன்றரை மணி நேரம். யாரும் எதுவும் வாங்கவில்லை.

அன்று இரவு அறையில் அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "சிவன் கோயிலுக்குப் போனாக்கூட கொஞ்ச நேரம் உட்காராம வரக்கூடாதுன்னு சொல்வோம். அவ்வளவு பெரிய இடத்துக்குப் போயிட்டு நின்னபடியே வந்துட்டோமே" என்றார். மறுநாள் குழு படகுச் சவாரிக்குப் போனது, நாங்கள் இருவரும் போகவில்லை. டிராம் ஏறி மறுபடி சுலைமானியேவுக்குப் போனோம். நான் எழுதுவது அந்த இரண்டாம் முறையைப் பற்றித்தான்.

முதலில் போகும் வழி, ஏனென்றால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது முக்கியம். பள்ளிவாசல் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கீழே எமினோனு படகுத்துறைப் பக்கமிருந்து நடந்தால் சந்து சந்தாக ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். டி1 டிராமில் பெயாசித் நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். அங்கேயே பாதி உயரம் ஏறியாகிவிட்டது, பல்கலைக்கழக மதிலை ஒட்டியே நடந்தால் பெரிய ஏற்றம் இல்லாமல் போய்ச் சேரலாம். நாங்கள் நின்று நின்று இருபது நிமிடத்தில் போனோம், சாதாரணமாக நடப்பவர்களுக்குப் பாதி நேரம் போதும். மெட்ரோவில் வந்தால் வெஸ்னெஜிலர் நிலையம் பக்கம். இஸ்தான்புல்கார்ட் என்று ஓர் அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொண்டால் டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் அதையே தட்டலாம்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. ஹாகியா சோபியாவில் 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ வாங்குகிறார்கள், அதுவும் மேல் மாடத்துக்கு மட்டும். இங்கே செருப்பைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். பெண்களுக்குத் தலைத்துணி வேண்டும், இல்லாதவர்களுக்கு வாசலிலேயே தருகிறார்கள். அம்மா புடவைக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார், வாசலில் இருந்தவர் பார்த்துத் தலையசைத்து உள்ளே விட்டுவிட்டார். இடுப்பு தெரியாமல் இருந்தால் புடவைக்கு எந்தத் தடையும் இல்லை. ஆண்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். குளிர்காலத்தில் போனால் தடிமனான காலுறை எடுத்துப் போங்கள், உள்ளே கம்பளம்தான் என்றாலும் வாசல் பளிங்கு சில்லென்று ஏறும்.

நேரம்தான் பலரும் கோட்டை விடுகிற விஷயம். இது இன்றும் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிற பள்ளிவாசல், ஒவ்வொரு வேளைக்கும் முன்னதாகவே சுற்றுலாப் பயணிகளை வெளியே அனுப்பிவிட்டு, தொழுகை முடிந்ததும் திரும்ப விடுவார்கள். பாங்கு நேரம் சூரியனைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், அன்றைய நேரத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் போவதுதான் உத்தமம், ஏனென்றால் லுஹர் என்கிற நண்பகல் தொழுகை வரை நீளமான இடைவெளி கிடைக்கும். நவம்பரில் லுஹர் பகல் ஒரு மணி வாக்கில் வந்தது, நாங்கள் ஒன்பதரைக்கே உள்ளே போய்விட்டோம். மதியத்துக்கு மேல் போனால் அஸர் (பிற்பகல்), மஃரிப் (அந்தி) தொழுகைகள் அடுத்தடுத்து வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ என்கிற கூட்டுத் தொழுகை இருப்பதால் காலை முழுக்கவே நம்ப முடியாது, வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே.

நீல மசூதியில் நுழைந்ததும் ஓடுகளின் நீலம் கண்ணை நிறைத்துவிடும், எங்கே பார்ப்பது என்றே தெரியாது. சுலைமானியே அப்படி இல்லை. முதல் பார்வைக்கு வெறும் வெளிச்சமும் இடமும்தான். வெள்ளையும் சாம்பலுமான கல், சிவப்புக் கம்பளம், மேலே கவிகை என்கிற குவிமாடம், அவ்வளவுதான். அதனால்தான் இருபது நிமிடத்தில் எங்கள் குழுவில் பலருக்கு 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றியது. உட்கார்ந்த பிறகுதான் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. பதினைந்து நிமிடம் கழித்து அம்மா, "தூண் எங்கேடி? இவ்வளவு பெரிய கூரையை எது தாங்குது?" என்றார். சரியான கேள்வி. தரையிலிருந்து கவிகை உச்சி 53 மீட்டர். நம் மயிலாப்பூர் கபாலி கோயில் ராஜகோபுரம் சுமார் 37 மீட்டர், அதை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும். உயரத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது இருபத்தாறு மீட்டருக்கு மேல், கவிகையின் அகலம். இந்தப் பாரம் முழுவதும் நான்கு பெரிய தாங்குதூண்களிலும், முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு அரைக் கவிகைகளிலும் இறங்குகிறது. பக்கவாட்டில் முட்டுக் கொடுக்கும் சுவர்களைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்து, மாடங்களைக் கட்டி மறைத்துவிட்டார்கள். அதனால் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கட்டியவர் மிமார் சினான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், மூன்று சுல்தான்களுக்குத் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். உதுமானியப் பேரரசின் சுல்தான் சுலைமானுக்காக 1550இல் ஆரம்பித்து 1557இல் முடித்தார். ஏழே ஆண்டுகள். நான்கு மினாராக்கள், அவற்றில் மொத்தம் பத்து மாடங்கள். இஸ்தான்புல்லை உதுமானியர் பிடித்த பிறகு ஆண்ட நான்காவது சுல்தான், பரம்பரையில் பத்தாவது சுல்தான் சுலைமான் என்பதற்காக இந்தக் கணக்கு என்று சொல்வார்கள். வெளி முற்றத்தில் நின்று எண்ணிப் பாருங்கள், இரண்டு மினாராக்களில் மூன்று மூன்று, மற்ற இரண்டில் இரண்டிரண்டு.

அப்புறம் அந்தச் சத்தம். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது முன்பக்கம், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் அருகே ஒரு பெரியவர் தனக்குள்ளே ஓதிக்கொண்டிருந்தார். சத்தமாக இல்லை, ஆனால் பின்னால் இருந்த எங்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. எதிரொலித்துக் குழம்பவும் இல்லை. கவிகைக்குள் வாய் திறந்த வெற்று மண்ஜாடிகளைப் பதித்து ஒலியைச் சீராக்கியிருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு கதை உண்டு. வேலை நடக்கும்போது சினான் பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்து ஹூக்கா பிடிக்கிறார் என்று யாரோ போய்ச் சுல்தானிடம் சொல்ல, அவர் கோபமாக வந்து பார்த்தால், குடுவையில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது, புகையிலையே இல்லை. நட்ட நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குமிழியிடும் சத்தம் எந்த மூலைவரை போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நடந்ததோ கதையோ, அந்தப் பெரியவர் ஓதியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நம்பத்தான் தோன்றியது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மை அறை. மின்சாரம் இல்லாத காலத்தில் உள்ளே அத்தனை எண்ணெய் விளக்குகள் எரிந்திருக்கும், புகை படிந்து சுவரும் கவிகையும் கறுத்துப் போயிருக்க வேண்டும் அல்லவா? சினான் காற்று போகும் வழியை யோசித்து, புகை எல்லாம் வாசல் பக்கமாகவே இழுக்கப்படும்படி துளைகள் வைத்து, பிரதான வாசலுக்கு மேலே இருக்கும் ஓர் அறையில் கரி சேரும்படி செய்தார். அந்தக் கரியைச் சுரண்டி எழுதும் மை தயாரித்தார்கள். இதை அம்மாவுக்குச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. எங்கள் பாட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்து, இரவெல்லாம் படிந்த கரியை விரலால் வழித்து, கொஞ்சம் நெய் விட்டுக் குழைத்துக் கண்மை செய்வார். அம்மாவுக்கு அந்தத் தட்டின் வாசனைகூட நினைவிருக்கிறது. "நமக்கும் ரெண்டும் மைதானே, கண்ணுக்கும் மை, எழுதவும் மை" என்றார். பாட்டியின் ஒரு தட்டு இங்கே ஒரு பள்ளிவாசல் அளவுக்கு இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. கல்விக்கூடங்களாக இருந்த பக்கத்துக் கட்டடங்களில் இப்போது சுலைமானியே நூலகம் இருக்கிறது, பழைய கையெழுத்துச் சுவடிகளுக்குப் பேர் போனது.

விளக்குகள் இன்றும் அதே பாணியில்தான். பெரிய இரும்பு வளையங்களைக் கவிகையிலிருந்து நீளக் கம்பிகளில் தாழ்வாக இறக்கி, தலைக்குக் கொஞ்சம் மேலே வட்டமாகக் கண்ணாடிக் கிண்ணங்கள், உள்ளே மின்விளக்கு. அவற்றுக்கு நடுவே நெருப்புக்கோழி முட்டைகளைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு, சிலந்தி வலை கட்டாமல் இருக்க என்று சொல்கிறார்கள். அந்த முட்டையை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான், நான் அதையும் ஒரு விளக்கு என்றே நினைத்திருந்தேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். பயணிகள் நிற்க ஒரு தடுப்பு வரைதான் அனுமதி, முன்பக்கம் தொழுபவர்களுக்கு. அது சரிதான், ஆனால் இஸ்னிக் ஊரில் செய்த வண்ண ஓடுகளும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் அந்த முன்சுவரில்தான் இருக்கின்றன, தூரத்திலிருந்து சரியாகத் தெரியாது. வீட்டில் சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், நான் அதற்காக ஏங்கினேன். விளக்கப் பலகைகள் குறைவு. மை அறை, மண்ஜாடி எல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும், படித்துவிட்டுப் போவது நல்லது. பெண்கள் தொழும் இடம் பின்னால் தனியாக இருக்கிறது, அங்கே கேமராவைத் திருப்பாதீர்கள். ஓர் ஆள் திருப்பியதையும் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டதையும் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

லுஹருக்கு வெளியே அனுப்பியதும் பின்பக்கம் போங்கள். மிஹ்ராப் சுவருக்குப் பின்னால் பழைய கல்லறைத் தோட்டம், அதற்குள் சுலைமானுக்கும் அவர் மனைவி ஹுர்ரம் சுல்தானுக்கும் தனித்தனி அடக்க மண்டபங்கள். ஹுர்ரம் 1558இல் இறந்தார், பள்ளிவாசல் முடிந்த மறு ஆண்டு. சுலைமான் 1566இல் ஹங்கேரிப் படையெடுப்பின்போது இறந்தார், படை கலைந்துவிடக் கூடாது என்று பல வாரங்கள் சாவை மறைத்து வைத்திருந்தார்கள். ஹுர்ரம் மண்டபம் சின்னது, உள்ளே இஸ்னிக் ஓடுகளில் பூத்த மரங்கள். பள்ளிவாசலில் எட்ட இருந்து பார்த்த அந்த ஓடுகளை இங்கே கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அவற்றில் இருக்கும் சிவப்பு நிறம் ஓட்டின் மேல் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரியும்.

சினான் கல்லறையைத் தவறவிடாதீர்கள். வளாகத்துக்கு வெளியே, தெரு முனையில், ஒரு முக்கோண மூலையில் இருக்கிறது. அவரே தனக்காக வடிவமைத்தது. 1588இல் இறந்தார். நாங்கள் போனபோது அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை, சுவரின் மேல் ஒரு பூனை மட்டும் இருந்தது.

பள்ளிவாசலின் வடக்குப் பக்கத் திண்டிலிருந்து கீழே பார்த்தால் கல்விக்கூடங்களின் ஈயம் வேய்ந்த சின்னச் சின்னக் கவிகைகள், அதற்கப்பால் தங்கக் கொம்பு நீர்நிலை, எதிர்க்கரையில் கலாட்டா கோபுரம். நாங்கள் நின்றிருந்தபோதுதான் பாங்கு ஆரம்பித்தது. மேலே எங்கள் தலைக்குமேல் ஒன்று, அது நிறுத்தும் இடைவெளியில் கீழே எமினோனுப் பக்கமிருந்து ஒன்று, அப்புறம் அக்கரையிலிருந்து. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர், பெரிய பள்ளிவாசல் பாங்கை வைத்துத்தான் இன்றும் சாயங்கால விளக்கேற்றுவார்.

சாப்பாடு. பள்ளிவாசலுக்கு நேர் எதிரே வரிசையாக அவரைக் கடைகள், 'குரு ஃபசூலியே' என்பார்கள். காய்ந்த வெள்ளை அவரையைத் தக்காளியும் வெண்ணெயும் போட்டு மணிக்கணக்கில் குழைய வேகவைத்தது, கூடவே சோறும் ஊறுகாயும் அய்ரானும். அய்ரான் நம் நீர்மோர்தான், தாளிப்பு இல்லாமல் உப்பு மட்டும். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அவரையில் இறைச்சித் துண்டு சேர்ப்பது சகஜம், சோற்றையே இறைச்சிச் சாற்றில் வடிக்கிற கடைகளும் உண்டு. 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது, அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு சோற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவது கடையில்தான் இரண்டும் இல்லை என்றார்கள். அவரை பிரமாதம், கரண்டியில் எடுத்தால் தோல் வாயில் நிற்காது. கடைசியில் சுத்லாச் என்று அடுப்பில் மேல்புறம் கருக வைத்த அரிசிப் பாயசம், சில்லென்று மண்கிண்ணத்தில். அம்மா இரண்டு சாப்பிட்டார்.

இந்தக் கடைகள் இருக்கும் கட்டடங்களும் பள்ளிவாசல் வளாகத்தின் பகுதிதான். சுலைமானியே என்றால் தொழும் இடம் மட்டும் இல்லை, கல்விக்கூடங்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு போட்ட சமையற்கூடம், வழிப்போக்கர் தங்கும் சத்திரம், குளியல் மண்டபம் எல்லாம் சேர்த்துக் கட்டியது. கோயில், குளம், சத்திரம், அன்னதானம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனியாக விளக்கம் தேவையில்லை. 1660இல் தீ, அப்புறம் பூகம்பம், முதல் உலகப் போரில் முற்றத்தை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தபோது மறுபடி தீ என்று எத்தனையோ பட்டிருக்கிறது, அத்தனை முறையும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்பீர்கள். வளாகத்தில் இருக்கிறது, சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். துருக்கியில் தண்ணீர் வசதி உண்டு, ஐரோப்பாவில் பட்ட பாடு இங்கே இல்லை. விசா விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே கவனம் வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்காரர்களில் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருப்பவர்களுக்குத்தான் இ-விசா, மற்றவர்கள் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு காரியம் செய்தோம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வாசலில் இருந்தவரிடம் கேட்டுவிட்டு வளாகத்துக்குள் போய் நின்று பார்த்தோம். 1795இல் ஆற்காடு நவாப் வாலாஜா குடும்பத்தார் கட்டியது, முழுக்க கருங்கல், மரமோ இரும்போ இல்லாமல் கட்டியது என்பதுதான் அதன் பெருமை. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதை வரியைக் கல்லில் எழுதிக் கொடுத்தவர் நவாபிடம் வேலை பார்த்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. ரமலான் மாதத்தில் அங்கே நோன்பு திறக்க உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்துத் தொண்டர்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டது சுலைமானியே போய் வந்த பிறகுதான். இஸ்தான்புல் போக முடியாதவர்கள் சாயங்காலம் அந்தப் பள்ளிவாசலின் பெரிய மைதானத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டாவது வாருங்கள்.

அடுத்த முறை எதிர்னே நகரத்தில் சினான் கட்டிய செலிமியே பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். சுலைமானியேவைத் தன் கைதேறிய காலத்து வேலை என்றும், 1575இல் முடிந்த செலிமியேவைத் தன் உச்ச வேலை என்றும் சினான் சொன்னதாகச் சொல்வார்கள். இஸ்தான்புல்லிலிருந்து பேருந்தில் போக வேண்டும். வயதானவர்களை அங்கே கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால், பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிவாசல் வரை எப்படிப் போனீர்கள், எத்தனை படி ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.